தட்டு ஏறாத துளைகள்

எந்தத் தட்டும் வந்து உட்காரப் போகாத ஒரு துளையை எதற்காக இத்தனை நேராகப் போட வேண்டும்? எவாஞ்சலின் வேலை செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வரும். அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை. நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் குனிந்து, போட்ட துளையின் வாயில் ‘பூ’ என்று ஊதி, சட்டைப் பையிலிருந்து மடித்த உப்புத்தாளை எடுத்து விளிம்பில் ஒரு சுற்றுத் தேய்த்துவிட்டு, அடுத்த துளைக்குப் போயிருப்பார்.

சட்டை கணவருடையது. புடவைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டால் வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். ஆவடி சேக்காட்டில், வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைதான் பட்டறை. சமையலறைப் பெட்டிகளும் துணி அலமாரிகளும் அங்கே தயாராகின்றன. முன்பக்கம் சட்டம் வைத்து அடிக்கிற பழைய வகை அல்ல. இவற்றில் இரண்டு பக்கப் பலகைகளே எல்லாவற்றையும் தாங்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பலகையிலும் முன்னோரம் ஒரு வரிசை, பின்னோரம் ஒரு வரிசை என்று கீழிருந்து மேல்வரை சம இடைவெளியில் துளைகள். எந்தத் துளையில் வேண்டுமானாலும் சிறு பின்னைச் செருகி, அதன்மேல் தட்டை வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் விரும்பும்போதெல்லாம் உயரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

யாரும் மாற்றுவதில்லை. என் புத்தக அலமாரியும் அவர் செய்ததுதான். வந்த அன்று தட்டுகள் எங்கே உட்கார்ந்தனவோ அங்கேயே இருக்கின்றன. மற்றத் துளைகளில் தூசி அடைந்திருக்கிறது. ஒரு முறை அதைச் சொல்லிப் பார்த்தேன்.

“நீங்க மாத்த மாட்டீங்க சார், உங்களப் பாத்தாலே தெரியுது. ஊட்ல இன்னொருத்தங்க கீறாங்க இல்ல?” என்றார்.

அவரை மிகவும் தேர்ந்தவர் என்று எழுத எனக்கு அவசரமில்லை. அவர் மாட்டும் கதவுகள் சற்று முரட்டுத்தனமாக மூடிக்கொள்ளும். கைப்பிடி தேர்ந்தெடுப்பதில் ரசனை கிடையாது. ஆனால் துளை விஷயத்தில் அவர் வேறு ஆள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கருவிக்கூடத்தில் துளையிடும் இயந்திரத்தில் நின்றவர். அந்தக் கம்பெனி மூடுவதற்கு முன் ஹைலம் என்கிற கெட்டியான பழுப்பு நிறத் தகட்டில் தனக்காக ஒரு நீளப் பட்டை செய்துகொண்டார். அதில் உள்ள துளைகளின் வழியாகத்தான் இன்றுவரை ட்ரில் இறங்குகிறது. பட்டையின் ஒரு நுனியில் மட்டும் சிவப்பு நகப்பூச்சு.

“சிவப்பு தரையப் பாக்கணும். அவ்ளோதான் வேதம்.”

பட்டையின் இரண்டு நுனிகளிலிருந்தும் முதல் துளைக்கு உள்ள தூரம் ஒன்றல்ல. ஒரு பலகைக்குத் தரைப்பக்கத்திலிருந்தும் மறு பலகைக்கு உச்சியிலிருந்தும் அளந்துவிட்டால், தட்டு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். ஆகவே எது தரைப்பக்கம் என்று பலகையை வெட்டும்போதே அதன் வெட்டு விளிம்பில் பென்சிலால் ஓர் அம்பு போட்டுவிட வேண்டும். அம்பு இருக்கும் நுனியில் சிவப்பை வைப்பார் எவாஞ்சலின். அம்பைச் சந்தேகிக்க மாட்டார். சந்தேகப்பட ஆரம்பித்தால் வேலை ஓடாது.

தவறுக்கு அவரிடம் இரக்கம் குறைவு. ட்ரில் ஒரு மயிரிழை நழுவினாலும் அந்தப் பலகை தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகிவிடும். கோயிலில் போதகர் ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே, பலிபீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக்கிராதி சாய்ந்திருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னவர். பொய்யும் வராது. வாடிக்கையாளர் வாங்கி வந்த மைக்கா மட்டமானது என்றால் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லி, வந்த வேலையையும் இழந்திருக்கிறார்.

பலகை வெட்டுவதும் அம்பு போடுவதும் ரூபஸின் வேலை. எவாஞ்சலினின் கொழுந்தன். அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் பட்டறைகளில் கவனக்குறைவுக்காக வெளியே அனுப்பப்பட்டவன். கொட்டகையின் ஒரு மூலையில்தான் அவன் பாயும் பையும். அவன் போடும் அம்புக்கு மீன் வால் இருக்கும். ஏன் என்று கேட்டால் “அம்பு நீந்திகினு போவட்டும் அண்ணி” என்பான். அவனுடைய அண்ணன், எவாஞ்சலினின் கணவர் அலெக்ஸ், பாதுகாப்புத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறார். நான் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு மாலையில், டீயை வைத்துவிட்டு, தம்பியிடம் அவர் நிதானமாகச் சொன்னார்:

“டேய், இன்னொரு தபா கோட்ட வுட்ட, பையத் தூக்கிகினு கெளம்பிடணும். அண்ணி மூஞ்சிய எல்லாம் பாக்க மாட்டேன்.”

ரூபஸ் சிரித்தான். போவதற்கு அவனுக்கு வேறு இடம் இல்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

அயனம்பாக்கத்தில் ஏரிக்கரைப் பக்கம் வீடு கட்டிய நாகேந்திரன் என் நண்பர். சமையலறை வேலைக்கு எவாஞ்சலினைச் சொன்னது நான்தான். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நண்பர் போன் செய்தபோது நானும் போக வேண்டியதாயிற்று. எவாஞ்சலின், அலெக்ஸ், ரூபஸ் மூவரும் கோயில் முடிந்து நேராகக் குட்டியானை வண்டியில் வந்து இறங்கினார்கள், வெள்ளையும் சொள்ளையுமாக.

எங்களை உள்ளே அழைத்துப் போனவர் நாகேந்திரனின் மனைவி தீபிகா. சமையலறையின் உயரமான பெட்டியைத் திறந்து, தட்டின் நடுவில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார். அது இடது பக்கம் உருண்டு போய் முட்டிக்கொண்டு நின்றது. எடுத்து மறுபடி வைத்தார். மறுபடி அதே மூலை.

“வியாழக்கிழமை பால் காய்ச்சறோம்மா. சொந்தக்காரங்க எல்லாம் வந்து இதத்தான் முதல்ல தொறந்து பாப்பாங்க” என்றார் நாகேந்திரன்.

ரூபஸ் எட்டிப் பார்த்தான். “ஒரு பக்கம் பின்னுக்கு மேல வாஷர் குடுத்துத் தூக்கிடலாம் அண்ணி. கண்ணுக்கே தெரியாது.”

“இன்னிக்கி தட்டு கீற ஓட்டைக்குக் குடுப்ப. நாளைக்கு இந்தம்மா தட்ட மாத்துனா? எல்லா ஓட்டைக்கும் வாஷர் குடுத்துகினு இருப்பியா?”

“நான் ஏம்மா மாத்தப்போறேன்?” என்றார் தீபிகா.

“அது உங்க இஷ்டம்மா. ஓட்ட என் வேல.” பையிலிருந்து சட்டையை எடுத்துப் பட்டுப்புடவை மேல் மாட்டிக்கொண்டார்.

இடது பலகையில் துளை வரிசை முழுவதுமே இறங்கியிருந்தது. அதன் வெளிப்பக்கம் தேக்கு நிறம், உள்பக்கம் வெள்ளை. புரட்டினால் நிறம் மாறும்; தலைகீழாக நிறுத்தினால் மெருகேற்றிய முன்விளிம்பு பின்னால் போய்விடும். புதுப் பலகைதான். அலெக்ஸ் பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தொழிற்சாலையில் அப்படித்தான் நடப்பார் போலும்.

“கழட்டிப் படுக்க வெச்சா தெரிஞ்சிடும். அம்பு தரைப்பக்கம் கீதுன்னா பட்டைய வெச்சவ தப்பு. உச்சியில கீதுன்னா அம்பு போட்டவன் தப்பு. ஸ்பேனர் எடுத்துகினு வரேன், அதுவரைக்கும் யாரும் எங்கயும் போவாதீங்க.” கடைசி வார்த்தைகளைத் தம்பியைப் பார்த்துச் சொல்லிவிட்டு வண்டிக்கு இறங்கிப் போனார்.

நாகேந்திரனுக்குப் போன் வந்தது; அவரும் தீபிகாவும் வெளியே போனார்கள். நாங்கள் பெட்டியைச் சாய்த்தோம். அடியை ரூபஸ் பிடித்தான்; உச்சி என் பக்கம் வந்தது. வெட்டு விளிம்பில், கூரையை ஒட்டி இருந்த இடத்தில், மங்கலாக ஓர் அம்பு. மீன் வாலோடு.

நான் பார்த்ததை எவாஞ்சலின் பார்த்தார். ரூபஸ் அந்த முனையிலிருந்து எங்கள் இருவரையும் பார்த்தான். “அண்ணி” என்றான். படியில் அலெக்ஸின் செருப்புச் சத்தம் கேட்டது.

எவாஞ்சலின் சட்டைப் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தார். துளையின் வாயைத் தேய்ப்பது போலவே, அவசரமில்லாமல், விளிம்பின் மேல் ஓர் இழுப்பு, இன்னொரு இழுப்பு. குனிந்து ‘பூ’ என்று ஊதினார்.

அலெக்ஸ் வந்து அடியைப் பார்த்தார், உச்சியைப் பார்த்தார். “அம்பு எங்க?”

“தேச்சுட்டேன். நான்தான் பட்டையத் தலைகீழா வெச்சிட்டேன். சிவப்பு மேல போயிடுச்சி.”

“நீயா?”

“ஏன், நான் வெக்க மாட்டேனா?”

அலெக்ஸ் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு, “சரி, கழட்டு” என்றார்.

புதுப் பலகை எப்போது வரும் என்று பார்த்து வரச் சொன்னார் நாகேந்திரன். மறுநாள் சேக்காட்டுக்குப் போனேன். அலெக்ஸ் வேலைக்குப் போயிருந்தார். மேசைமேல் வெட்டிய பலகை தயாராகக் கிடந்தது. ரூபஸ் அதன் பக்கம் வராமல், மூலையில் மரத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்தான், கூட்டிய இடத்தையே மறுபடியும். எப்போதும் அவன் காதில் இருக்கும் பென்சில் அன்று எவாஞ்சலின் காதில் இருந்தது. அவரே ஓர் அம்பு போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஒரு நொடி வேலை. வேலை அவசரமும்கூட.

 

“ரூபஸு” என்றார். அவன் துடைப்பத்தை வைத்துவிட்டு வந்தான். காதிலிருந்து பென்சிலை எடுத்து அவனிடம் நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டு, பலகையின் ஒரு நுனிக்கும் மறு நுனிக்குமாக நடந்தான். எவாஞ்சலின் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, ட்ரில்லில் ஊசியை மாட்டத் தொடங்கினார். பென்சில் உரசுகிற சத்தம் ஓயும்வரை மாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு திரும்பி, அம்பு இருந்த நுனியில் சிவப்பை வைத்தார்.