மலையேறக் கூடாத நாள்

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. காலில் சக்கரம் என்பாள் அம்மா. அவளுடைய வருஷத் திதிக்கு முந்தின நாள் அந்தச் சக்கரம் என்னை மேற்குக் கடலுக்குள், கலங்கரை விளக்கம் நிற்கும் ஒரு பாறைத்திட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது.

காலையில் முதுகில் காற்று சிலிண்டரோடு ஒருமுறை முங்கினேன். அத்தோடு கிளம்பியிருந்தால் வம்பே இல்லை. விளக்குக்குப் பின்பக்கம் பவளப்பாறை இன்னும் அழகு என்றார்கள்; ஆசை யாரை விட்டது, மத்தியானம் மறுபடி சிலிண்டரை மாட்டிக்கொண்டேன். பாறை இடுக்கில் ஒரு விலாங்கு வாயைத் திறந்து திறந்து மூடியபடி என்னையே பார்த்தது. தண்ணீருக்கடியில் மட்டும்தான் என் மனசு அடங்கும்.

படகில் ஏறியதும் பயிற்சியாளர், "ஊர் எது?" என்றார்.

"குன்னூர். ஆறாயிரம் அடி."

அவர் சிரித்துவிட்டார். இரண்டு முறை முங்கியவன் ஒரு முழு நாள் விமானமும் ஏறக்கூடாது, மலையும் ஏறக்கூடாது. ரத்தத்தில் கரைந்த காற்று குமிழியாகக் கிளம்பிவிடும். நாளை இரண்டு மணிவரை கீழேயே இருங்கள் என்றார். முக்குளிப்பு வகுப்பில் படித்ததுதான், புத்தியில் உறைக்கவில்லை. திதியோ உச்சிக்குள் முடிய வேண்டும்.

போன வருஷமும் நான் போகவில்லை. மகன் கை படாத படையல் எதற்கு என்று குன்னூர் வீட்டில் அக்கா இலையே போடவில்லை.

மறுநாள் காலை மேட்டுப்பாளையத்தில் இறங்கி, பஸ் ரிப்பேர் என்று அக்காவிடம் போனில் புளுகினேன். பிறகு மனசு கேட்காமல், வருவது வரட்டும் என்று குன்னூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். கல்லாறு வந்தது. இனி ஏற்றம்தான். முழங்கை குறுகுறுத்தது, பயந்தாங்கொள்ளிக்கு எல்லாம் குறுகுறுக்கும். நிறுத்தச் சொல்லிக் கத்தினேன்.

"ஏனுங்க, குன்னூருக்கு டிக்கெட் எடுத்துப்போட்டு இங்க எறங்கறீங்க?" என்று கண்டக்டர் எரிந்து விழுந்தார்.

ரோட்டோரம் நின்று அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்.

"அம்மா கடல்னாலே நடுங்குவாளேடா."

அம்மா சின்னப் பெண்ணாக இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவள். வழியெல்லாம் வாந்தி. மலை வளைவுகளிலும் அவளுக்கு அப்படித்தான். ஆனாலும் நான் கோயமுத்தூரில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, மாதம் ஒருமுறை தூக்குவாளியோடு பஸ்ஸில் இறங்கி வருவாள். எனக்கு மேலே போக லீவு கிடைக்காது. கடலுக்கு மட்டும் கிடைக்கும்.

"எங்க நிக்கற?"

"கல்லாறு."

போனை வைத்துவிட்டாள். பாக்குத் தோப்புக்கும் பாலத்துக்குமாக நடந்தேன். எத்தனை தடவை என்று தெரியாது.

பத்தரை மணிக்கு, மலையிலிருந்து இறங்கி வந்த பஸ் ஒன்று நின்றது. அக்கா இறங்கினாள். ஒரு கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் புடவையில் சுற்றிய அம்மா படம்.

"நீ ஏறி வரலைன்னா என்ன? எப்பவும் அவதானே எறங்கி வருவா."

ஆற்றங்கரைக் கல்லில் இலை போட்டோம். நான் படைத்தேன். சூடம் காட்டும்போது அழுகை வந்துவிட்டது.

இரண்டு மணி தாண்டியதும் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் நான் உட்கார்ந்து படத்தை மடியில் வைத்துக்கொண்டேன். அத்தனை வருஷத்தில் அம்மாவைத் திரும்ப வீட்டில் கொண்டுபோய் விட்டது அன்றைக்குத்தான்.