தெருக்குழாய்க்கு வராத பூல்மணி

சுருளிப்பட்டிக்கு டெங்குக் காய்ச்சலைக் கொண்டுவந்தது திராட்சைத் தோட்டத்து ஜார்க்கண்ட்காரர்கள்தான் என்று பேச்சு. கொசுவையும் ரயிலில் கூட்டி வந்தார்களாம். விசாரித்ததில், முதலில் படுத்தது தோட்டக்காரர் ஈஸ்வரபாண்டியின் மகன். சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்தவன். உள்ளூர்ப் பிள்ளை என்பதால் அவன் காய்ச்சல் கணக்கில் வரவில்லை.

அந்தத் தோட்டத்தில் குலை வெட்டும் ஜார்க்கண்ட்காரி பூல்மணியைத் தெருக்குழாய்ப் பக்கம் வரவிடாமல் தடுத்தார்கள். அவள் மூடியில்லாத பழைய பூச்சிமருந்து டிரம்மைக் கழுவி, தோட்டத்து மோட்டார் ஓடும்போது தண்ணீர் பிடித்து வைத்தாள். அதில் கொசுப்புழு நெளிந்தது. அடுத்த மாதம் கணவன் சோம்ரா காய்ச்சலில் விழுந்தான்.

“நான் சொன்னேன்ல, இவனுககிட்டதான் சீக்கு இருக்கு,” என்று பூரித்தார் ஈஸ்வரபாண்டி.

“குழாய்ல விட்டிருந்தா டிரம் எதுக்குண்ணே?” என்றாள் பூல்மணி.

“ஏத்தா, எதுத்துப் பேசவா தமிழ் படிச்ச?”

ஆஸ்பத்திரிக்குப் போக அவருடைய ஜீப் கிடைக்கவில்லை. சீட்டைக் கழுவ வேண்டிவருமாம். கூட வேலைபார்க்கும் இருளம்மாள் மட்டும் வேலி வழியாக ஒரு தூக்குவாளியில் நிலவேம்புக் கசாயம் நீட்டினாள். சோம்ரா பாதி குடித்தான். மறுநாள் இறந்தான்.

தூக்குவாளியை விளக்கிக் கொண்டுபோனாள் பூல்மணி. இருளம்மாள் கை நீட்டவில்லை. “நீயே வச்சுக்க ஆத்தா. வீட்டுல சின்னப் புள்ளைக இருக்குல்ல.”

இனாம் வாங்கிப் பழகாதவள் அதை வேலிக்கம்பியில் மாட்டிவிட்டு வந்தாள். கொடுத்தவளும் எடுக்கவில்லை, வாங்கியவளும் எடுக்கவில்லை. இன்னும் அங்கேயே தொங்குகிறது.