ஒரே அறையில் ரஸ்தாளியும் பட்டர் ஃப்ரூட்டும்

"...முத்துனத வெட்டியாந்தா உதுருதுங்கிற. சரின்னு இளசா வெட்டுனா வெம்பிப்போச்சுங்கிற. இந்த வாரம் ரெண்டுக்கும் நடுவுல பாத்து வெட்டுனேன், இதுவும் கீழதான் கெடக்குது. அப்ப எந்த நாள்லதான் வெட்டறது? அதையாவது சொல்லேன் தம்பி" என்றார் அந்த அக்கா.

கேட்டது என்னை. பக்கத்தில் ஆபீசர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சனிக்கிழமை, பதினொரு மணி இருக்கும். தரையில் விரித்த சாக்கின்மேல் அந்த அக்காவின் ரஸ்தாளிப் பழங்கள் குவிந்து கிடந்தன. ஒன்றுகூட சீப்பில் இல்லை. எல்லாம் காம்பு விட்டு உதிர்ந்தவை. தோலில் புள்ளி விழுந்திருந்தது. வாசனை மட்டும் கடை முழுக்க இருந்தது.

அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. முந்தின நாள்தான் அது எனக்கே தெரிந்தது.

நான் மில்லில் இருந்தவன். மில் மூடியபின் தெரிந்தவர் ஒருவர் சொல்லி, பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னாலிருந்த கூட்டுறவுப் பழக்கடையில் விற்பனை ஆளாகச் சேர்ந்தேன். இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, அந்தக் காலம். மில்லில் நூல் அறுந்தால் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டுவிடுவேன். வாழைப்பழம் காம்பு விட்டால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் கடையில் திங்கட்கிழமை காலை கூட்டுறவு ஆபீசிலிருந்து ஒரு தாள் வரும். அந்த வாரத்து விலை அதில் இருக்கும். அதைப் பார்த்து பலகையில் சாக்பீஸால் எழுதிவிட்டால், ஞாயிறு வரை அதுதான் விலை. எதிர்க் கடையில் காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. வெள்ளிக்கிழமை என்றால் ஏறும், மழை பெய்தால் இறங்கும். எங்கள் பலகைக்கு வெள்ளிக்கிழமையும் தெரியாது, மழையும் தெரியாது. ஆடி மாதத்தில் எங்கள் கடையில் வரிசை நிற்கும், மதியத்துக்குள் பழம் தீர்ந்து, வந்தவர்கள் திட்டிவிட்டுப் போவார்கள். மழை வாரத்தில் நானும் பழமும் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கனிந்துவிட்டதே என்று ஒரு ரூபாய் குறைத்துக் கொடுக்கவும் முடியாது, சும்மா கொடுக்கவும் முடியாது, தூக்கி எறியவும் முடியாது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் நல்ல பழத்தைக் கழிவு என்று எழுதி வீட்டுக்குக் கொண்டுபோனார்களாம். அதனால் சனிக்கிழமை ஆபீசர் வந்து கண்ணால் பார்த்து, கழிவு நோட்டில் எழுதி, பழம் கொடுத்த விவசாயியிடமும் கையெழுத்து வாங்கினால்தான் எதையும் கழிக்கலாம்.

குருசுக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்றுவிட்டுத் திரும்பும் ஒரு அம்மா, போகிற வழியில் எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, பழத்துக்கு நீ காவலா, உனக்குப் பழம் காவலா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு வாங்காமல் போவார்.

வாழைத்தார் கொடுக்க ஏழெட்டு விவசாயிகள் பட்டியலில் இருந்தார்கள். இந்த அக்கா அதில் ஒருவர். தவளக்குப்பத்துக்கு உள்ளே தள்ளி ஒரு ஊரில் அரைக்காணி குத்தகைக்கு எடுத்து ரஸ்தாளி போட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை தோறும் டெம்போவின் தலைமேல் எட்டுத் தார் ஏற்றிக்கொண்டு வருவார். தார்களுக்கு வெயில் படக்கூடாது என்று வாழை இலையால் மூடி, அதற்குமேல் தன் பழைய புடவை ஒன்றையும் கட்டியிருப்பார். "ஒன் தாருக்கு இருக்கிற கவனிப்பு ஒன் புருஷனுக்கு இருந்துதா?" என்று டெம்போக்காரர் கிண்டல் செய்வார். "இருந்துது. அவுரு பழுக்கறதுக்கு முன்னாலயே போயிட்டாரு" என்பார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கேட்டவர்தான் சிரிக்க முடியாமல் நிற்பார்.

எங்களிடம் சேர்வதற்கு முன்னால் அவர் மண்டிக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அங்கே எட்டுத் தார் இறக்கினால் ஆறுக்குத்தான் கணக்கு. மீதி இரண்டு அடிபட்டது என்பார்கள். விலை என்னவென்று விற்ற பிறகுதான் சொல்வார்கள். "இங்க திங்கக்கெழம காலையில கண்ணு முழிச்சா எனக்கு வெல தெரியும் தம்பி. வெல தெரிஞ்சா தூக்கம் வருது" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அந்தத் தாளை நான் அதுவரை திட்டிக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்குப் பிறகு கொஞ்சம் மரியாதையாக மடித்து வைத்தேன்.

ஆனால் பட்டியலுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு விவசாயியின் பழம் தொடர்ந்து மூன்று வாரம் பாதிக்குமேல் கழிவானால், பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். திரும்ப மண்டிதான்.

அதே செவ்வாய்க்கிழமையில் மலையிலிருந்து பட்டர் ஃப்ரூட் மூன்று பெட்டி வரும். ஊரில் வெள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள், பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்குபவர்கள் இருக்கிறார்கள், கேட்கிறார்கள் என்று ஆபீசே வரவழைத்தது. விலையைப் பார்த்து நம் ஆட்கள், "இதுல வெண்ணெயும் சேத்துக் குடுப்பியா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வாங்குகிறவர்களும் அமுக்கிப் பார்ப்பார்கள். கல்லாக இருக்கும். வைத்துவிட்டுப் போவார்கள். கனியும்போது சனிக்கிழமை வந்துவிடும். தோல் கறுத்திருந்தால் ஆபீசருக்கு அது அழுகல். "எனக்கு சுகர்ப்பா, தின்னு பாத்து எழுத முடியாது. கண்ணுக்கு எப்படித் தெரியுதோ அப்படித்தான்" என்று சொல்லி, உள்ளே வெண்ணெய் மாதிரி இருக்கும் பழத்தைக் கழிவில் எழுதுவார். மூன்று பெட்டியில் இரண்டு பெட்டி இப்படியே போகும்.

வாரம் தவறாமல் வந்து, கல்லைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போகிற மதாம் ஒருவர் இருந்தார். வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து காலமானவர். மதாமுக்கு அது பட்டர் ஃப்ரூட் இல்லை, அவொகா. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் சொன்னார்: "இத வாழப்பழத்தோட ஒரே பையில கட்டி வைப்பா. மூணு நாள்ல கனிஞ்சுடும். எங்க வீட்டுல அப்படித்தான்."

எனக்கு அது பெரிய ஞானமாகத் தெரிந்தது. பை எதற்கு என்று நினைத்தேன். கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு அறை உண்டு. அடுத்த செவ்வாய்க்கிழமை அக்காவின் எட்டுத் தாரையும் சுற்றிவர நிறுத்தினேன். நடுவில் மூன்று பெட்டி பட்டர் ஃப்ரூட்டையும் திறந்து வைத்தேன். எல்லாவற்றையும் சாக்கால் மூடி, கதவைச் சாத்தினேன். அக்காவின் தாரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வந்ததில் அதுதான் நல்ல தார்.

வியாழக்கிழமை திறந்தால், பட்டர் ஃப்ரூட் கட்டைவிரலுக்கு இணங்கியது. மதாம் நாலு வாங்கிக்கொண்டு, "மெர்சி தம்பி, இன்னைக்குத்தான் நீ கடக்காரன்" என்றார். சைக்கிளில் வந்த வெள்ளைக்கார ஜோடி ஒன்று அரைப் பெட்டியை வாங்கிப் போனது. வெள்ளி மதியத்துக்குள் மூன்று பெட்டியும் காலி. ஆபீசில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்களாம்.

அந்த வெள்ளிக்கிழமைதான் ரஸ்தாளி உதிர ஆரம்பித்தது. சாமிக்குப் படைக்கச் சீப்பாகக் கேட்பார்கள். நான் சீப்பைத் தூக்கினால் காம்பு மட்டும் கையில் வரும், பழமெல்லாம் கீழே இருக்கும். மீன்கார அம்மா அதைப் பார்த்துவிட்டார். "ஐஸ் வெச்சா எங்க மீனே ரெண்டு நாளு நிக்குது. ஒம் பழத்துக்கு இன்னா வெச்ச, நெருப்பா?" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சனிக்கிழமை அக்காவிடம், "ரொம்ப முத்த விட்டு வெட்டிட்டீங்கக்கா" என்று சொன்னேன். பெரிய அனுபவசாலி போலச் சொன்னேன். அடுத்த வாரம் அவர் இளசாக வெட்டிக்கொண்டு வந்தார். அதையும் அப்படியே பட்டர் ஃப்ரூட்டோடு அறையில் நிறுத்தினேன். தோல் மஞ்சளாகி, உள்ளே ருசி இல்லாமல் வெம்பிப்போனது. "இவ்ளோ இளசா வெட்டுவாங்களாக்கா?" என்று கேட்டேன். அவர் தாரின் அடித்தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பது வருஷமாக வாழையோடு இருக்கிற மனுஷி, மூன்று வருஷம்கூடக் கடையில் நிற்காத என் பேச்சைக் கேட்டு, தன் கண்ணையே சந்தேகப்பட்டுக்கொண்டு போனார்.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை மதாம் வந்து, தானே பார்த்து எடுக்கிறேன் என்று பின்னறைக்குள் நுழைந்தார். சாக்கைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மொன் தியே! இன்னாப்பா இது? ஒண்ணு ரெண்டு கனியறதுக்குச் சொன்னா, நீ சூளை போட்டு வெச்சிருக்க!"

"நீங்க சொன்னதுதான் மதாம்."

"நான் பையில சொன்னேன். வாழ அவொகாவக் கனிய வெக்கும், அவொகா திரும்பி வாழையக் கனிய வெக்கும். இந்தப் பொட்டி அறையில, இந்தப் புழுக்கத்துல, மூணு பெட்டிய வெச்சா வாழ எங்க நிக்கும்?"

நான் சாக்கடியில் கையை விட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரன் போர்வைக்குள் இருக்கும் சூடு இருந்தது. பெட்டிகளை வெளியே இழுத்துப் போட்டேன். தார்களை ஒவ்வொன்றாகக் கடை வாசலுக்குத் தூக்கிவந்து காற்றில் வைத்தேன். வைக்கிறபோதே உதிர்ந்தன.

மறுநாள் ஆபீசர் வந்ததும், அக்கா வருவதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். "சார், மூணு வாரமும் தப்பு என்னுது. அந்தம்மா தாருல ஒரு குறையும் இல்ல." நடந்ததைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. நோட்டை என் பக்கம் திருப்பினார்.

"தேதி, ரகம், எடை, விவசாயி பேரு, காரணம். காரணத்துல மூணுதான். முத்தல், இளசு, அடிபட்டது. இதுல உன்ன எங்க எழுதறது, சொல்லு."

"காரணத்துல எழுதுங்க சார்."

"கடக்காரனுக்கு அறிவில்லன்னு எழுத இதுல எடம் இல்லப்பா. எழுதுனாலும் ஆபீஸ்ல இன்னா சொல்லுவாங்க? அந்தம்மாவுக்கு வேண்டியவன், காப்பாத்தறான்னு சொல்லுவாங்க. இதுக்கு முன்னால அப்படித்தான் நடந்துருக்கு. ஒன் வேலையும் போவும், அந்தம்மாவுக்குப் பட்டியல்ல எடமும் திரும்பி வராது."

"பரவால்ல சார், எழுதுங்க."

"எனக்கு அதிகாரம் இல்லப்பா" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டு, 'முத்தல்' என்று எழுதினார்.

அப்போதுதான் அக்கா டெம்போவிலிருந்து இறங்கி வந்தார். குவியலைப் பார்த்தார். நான் தொடக்கத்தில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நீங்க எந்த நாள்ல வெட்டியிருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும்க்கா" என்றேன். அறையைக் காட்டி, பெட்டியைக் காட்டி, சாக்கைக் காட்டி எல்லாம் சொன்னேன்.

"மூணு வாரமுமா?"

"மூணு வாரமும்."

"நான் மரத்தத் திட்டிக்கிட்டுக் கெடந்தேன்" என்றார். அவ்வளவுதான். பிறகு ஆபீசரைப் பார்த்தார். "தம்பிதான் சொல்லுதே சார்."

"சொன்னாம்மா. என்கிட்டயும் சொன்னான். எழுத எடமில்ல."

"வர்ற செவ்வாய்க்கெழம?"

"கொண்டாராதீங்கம்மா. லெட்டர் வரும்."

"தோட்டத்துல நிக்குதே சார், அது?"

ஆபீசர் நோட்டை நீட்டினார். அக்கா பேனாவை வாங்கி, எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் போட்டார். பக்கத்து வரியில் 'முத்தல்' என்று இருந்ததைப் படித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

கையெழுத்தானதும் பழத்தின்மேல் பினாயில் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் யாராவது பொறுக்கிக்கொண்டுபோய் விற்றுவிடுவார்கள் என்பது ஆபீஸ் உத்தரவு. ஆபீசர் பார்க்க ஊற்ற வேண்டும். நான் டின்னை எடுத்து வந்தேன். மூடியைத் திறந்தேன். அதற்குமேல் கை எழவில்லை. குவியலில் பாதிப் பழம் இன்னும் தின்னும்படிதான் இருந்தது. "ஊத்துப்பா, இன்னும் ரெண்டு கடைக்கு நான் போவணும்" என்றார் ஆபீசர். நான் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து, என் கையிலிருந்து டின்னை வாங்கினார். ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்து, இடம் விடாமல் ஊற்றிக்கொண்டே போனார். மேலே இருந்ததெல்லாம் நனைந்த பிறகு, காலால் குவியலைக் கிளறி, அடியில் இருந்த பழங்களை மேலே கொண்டுவந்து, அவற்றின்மேலும் ஊற்றினார்.