என் ரத்தத்தின் மேல் போட்ட பழி

என் உடம்பில் ஓடும் ரத்தத்தைப் பற்றி எங்கள் சொந்தத்தில் ஆளுக்கொரு அபிப்பிராயம் உண்டு. தண்ணி ரத்தம் என்பார்கள், கெட்ட ரத்தம் என்பார்கள், பரம்பரைக் கோளாறு என்பார்கள். அதைப் பரிசோதித்த டாக்டர்கள் சொன்னது மட்டும் யார் காதிலும் ஏறியதில்லை.

சின்ன வயதிலிருந்தே நான் வெளுப்பு. அன்னவாசல் பக்கம் எங்கள் ஊர். பள்ளிக்கூட மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும். சுகாதார நிலையத்தில் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு இரும்புச்சத்து மாத்திரையை அள்ளிக் கொடுப்பார்கள். அதைத் தின்று மலச்சிக்கல் வந்ததுதான் மிச்சம். ஆட்டுச் சுவரொட்டி கொடுத்தால் ரத்தம் ஊறும் என்று யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். மண்ணீரலைத்தான் எங்கள் பக்கம் சுவரொட்டி என்போம். ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் அதற்கு அடிதடி நடக்கும். என் அண்ணன் எல்லோருக்கும் முந்திப் போய், ஆடு உரிக்கிற இடத்திலேயே காத்துக் கிடந்து, இலையில் சுற்றி வாங்கி வருவார். அம்மா அதை நெருப்பில் வாட்டி, உப்பும் மிளகும் தடவிக் கொடுப்பார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவேன்.

"தின்னு ஆத்தா. தின்னாத்தானே ஓட்டப்பந்தயத்துல ஓட முடியும்" என்று அண்ணன் எதிரில் உட்கார்ந்திருப்பார். ஒருநாளும் அவர் ஒரு துண்டு கேட்டதில்லை. அவருக்குச் சுவரொட்டி என்றால் உயிர் என்பது பல வருடம் கழித்து அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கந்தர்வக்கோட்டைப் பக்கம் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். கணவருக்கு முந்திரித் தோப்பு, கூடவே உரக்கடை. நான் நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். வயிற்றில் மகள் இருந்தபோது ரத்தத்தின் அளவு ஏறவே மாட்டேன் என்றது. புதுக்கோட்டையில் ஒரு டாக்டரம்மா சந்தேகப்பட்டு, என் ரத்தத்தைப் பெரிய டெஸ்டுக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் என்னையும் கணவரையும் மாமியாரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னார்.

"இது தலசீமியா மைனர். பொறப்புலயே வர்றது, கடைசிவரைக்கும் இருக்கும். இவங்களோட சிகப்பணு கொஞ்சம் சின்னது, அதான் அளவு எப்பவும் கொறச்சலாக் காட்டுது. புருஷனுக்கும் இதே இருந்தாத்தான் கொழந்தைக்கு ஆபத்து. அவருக்கு இல்ல. அதனால பயப்பட ஒண்ணுமே இல்லம்மா."

இவ்வளவில் என் மாமியாரின் மனதில் பதிந்தது 'கடைசிவரைக்கும் இருக்கும்' என்ற ஒன்றுதான். வீடு வந்து சேருவதற்குள் அது 'ரத்தக் கோளாறை மறச்சு நம்ம தலையில கட்டிட்டாய்ங்க' என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பால் திரிந்தாலும் என் ரத்தம்தான் காரணம். மகளுக்குச் சளி பிடித்தால் என் ரத்தம். இரண்டாவது பிள்ளை தங்காமல் போனபோது அத்தை என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னார், "அந்த ரத்தத்துல எது தங்கும்?" என் கணவர் அப்போதும் செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர் என்று ஊரில் பெயர். வாய் திறந்து ஒருவரையும் திட்ட மாட்டார். வாயே திறக்க மாட்டார் என்பதுதான் உண்மை.

அண்ணன் தனியார் பஸ்ஸில் டிரைவர். புதுக்கோட்டைக்கும் மணமேல்குடிக்கும் ஓடுகிற வண்டி. பிரஷர் இருந்ததைக் கவனிக்காமல் விட்டு, இடுப்பு வலிக்கு மாத்திரையைக் கடலை மாதிரி மென்று தின்றதில் இரண்டு கிட்னியும் போய்விட்டன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். ஸ்டியரிங் பிடித்த கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு மாதிரி புடைத்துக்கொண்டது. யாராவது ஒரு கிட்னி கொடுத்தால் மனிதர் பழையபடி நடமாடுவார் என்றார்கள். அண்ணிக்குச் சர்க்கரை, அவரிடம் எடுக்க முடியாது. அப்பா, அம்மா இல்லை. மிச்சம் நான்தான். குரூப்பும் ஒன்று.

நான் கொடுக்கிறேன் என்றேன். இதில் யோசிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், என் கணவர் மறுக்கவே இல்லை. "குடுக்கட்டும் மச்சான். ஒங்களுக்கில்லாததா? ஆனா அவளுக்கு ரத்தத்துல கோளாறு இருக்கே, டாக்டர் என்ன சொல்றாரோ" என்று அண்ணனிடம் உருக்கமாகச் சொன்னார். அவரே திருச்சிக்கு என்னைக் கூட்டிப்போனார். போகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தார், ஜன்னலோரம் உட்காரவைத்தார். கல்யாணமான புதிதில்கூட அப்படி உட்காரவைத்ததில்லை. டாக்டர் வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்தத் தெம்பில்தான் நல்லவராக இருந்தார்.

கிட்னி டாக்டர் என்னை ரத்த டாக்டரிடம் அனுப்பினார். அவர் எல்லா டெஸ்டும் எடுத்து, மறுபடி வரச்சொல்லி, பொறுமையாகப் பார்த்தார். நான்தான் அவசரப்பட்டுக் கேட்டேன். "ரத்தக் கோளாறு இருக்கிறவங்க குடுக்கக் கூடாதுங்களா சார்?"

"அப்படி மொத்தமா ஒரே பேச்சாச் சொல்ல முடியாதும்மா. ரத்தக் கோளாறுல எத்தனையோ வகை. தலசீமியா மேஜரா இருந்து, மாசாமாசம் ரத்தம் ஏத்துற ஆளா இருந்தா நானே வேணாம்னுதான் சொல்லுவேன். சில கோளாறுல ரத்தம் உறையாது, சிலதுல கண்டபடி உறையும். அதுக்கெல்லாம் ஆபரேஷன் ஆபத்து. ஒங்களுக்கு அது எதுவும் இல்ல. கிட்னி நல்லா இருக்கு. ரத்த அளவு கொஞ்சம் கொறச்சல், ஆபரேஷனப்போ அதைக் கவனமாப் பாத்துக்கணும். மத்தபடி நீங்க தாராளமாக் குடுக்கலாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தாலி கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து யாரும் என் உடம்பைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. திரும்பிக் கணவரைப் பார்த்தேன். அவர் முகம் செத்துவிட்டது. "நல்லாப் பாத்துட்டீங்களா சார்?" என்று டாக்டரிடம் கேட்டார். ஒரு தடவை இல்லை, வெளியே வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

அடுத்தது ஆஸ்பத்திரிக் கமிட்டி. கொடுப்பவர் கட்டாயத்தின் பேரில் கொடுக்கவில்லை என்று அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். கல்யாணமான பெண் என்பதால் புருஷனும் வந்து உட்கார்ந்து சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அவ்வளவுதான் பாக்கி. என் கணவர் ஒரு கையெழுத்துப் போட்டால் என் அண்ணன் பிழைப்பார்.

வர மாட்டேன் என்று அவர் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். "முந்திரி பொறுக்குற நேரம், முடியட்டும்" என்றார். முந்திரி முடிந்தது. "ஆடி மாசத்துல கத்தி வைக்கிறதா?" என்றார். ஆடி போனது. உரக்கடைக்கு லோடு வருகிறது என்றார். ஒவ்வொரு தேதியும் இப்படித்தான் போனது. ஒருநாள் நான் மட்டும் தனியாகக் கமிட்டிக்குப் போனேன். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, வீட்டுக்காரரோடு வாருங்கள் என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள்.

அத்தைதான் தலைகீழாக மாறிப்போனார். இத்தனை நாளும் கெட்ட ரத்தம் என்று கரித்துக்கொட்டியவர், என்னைக் குடம் தூக்க விடவில்லை. முருங்கைக்கீரை சூப் வைத்துக் கொடுத்தார். "சீக்காளிப் பொண்ணு நீ. ஒனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா எம்மகன் என்ன செய்வான்? அதோட பொறந்த எடத்துக்குத் திருப்பிக் குடுக்குற வழக்கம் நம்மள்ல இல்ல தாயி. சீரு அங்கிட்டிருந்து இங்கிட்டு வரணும். இங்கிட்டிருந்து அங்கிட்டுப் போனா குடும்பத்துக்கு ஆகாது" என்றார்.

சூப் டம்ளரை அப்படியே வாசலில் கவிழ்த்தேன். வேறென்ன செய்ய?

ஆமாம், வழக்கம் அதுதான். என் மகளுக்கு அண்ணன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தினோம். தோடு அவருடையது, பட்டுப்பாவாடை அவருடையது, பொங்கலுக்குப் பொங்கல் வரும் கரும்பும் அரிசியும் பானையும் அவருடையது. பஸ் ஓட்டி வாங்கின காசில் அவர் கொடுக்கக் கொடுக்க என் கணவர் இரண்டு கையாலும் வாங்கினார். தாய்மாமன் முறை என்றால் விடாமல் வாங்குவார்கள். தாய்மாமனே போய்ச்சேரும் நிலையில் இருந்தால், அப்போது மட்டும் சீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கணக்குப் பார்ப்பார்கள்.

இதற்கிடையில் அண்ணி போன் செய்தார். "மனசப் போட்டுக் கொழப்பிக்காத. ரத்தக் கோளாறுன்னு டாக்டரே வேணாம்னுட்டா நீ என்ன செய்வ பாவம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் சொன்னது என்று கேட்டேன். என் கணவர்தான். அண்ணி வீட்டில் மட்டுமல்ல, தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். எல்லோரும் நம்பிவிட்டார்கள். நம்பாமல் என்ன? என் ரத்தத்தைப் பற்றித்தான் அத்தை ஊர் முழுக்க ஏற்கனவே முரசறைந்திருந்தாரே.

"பொய் அண்ணி. டாக்டர் குடுக்கலாம்னுதான் சொன்னாரு" என்று கத்தினேன். மறுமுனையில் அண்ணன் போனை வாங்கினார்.

"எனக்குத் தெரியும் ஆத்தா. மாப்ள பேச்சை வச்சே கண்டுபுடிச்சுட்டேன். விடு. ரத்தம் ஒத்துக்கலன்னே இருக்கட்டும். எனக்காக நீ ஒன் குடும்பத்தைக் கெடுத்துக்காத."

நான் போனை வைத்துவிட்டேன். அண்ணன் மேலும் அன்று எனக்குக் கோபம்தான். அவரவருக்கு வசதியாக என் ரத்தத்தின் மேல் பழி போட இவரும் சேர்ந்துகொண்டாரே என்று பற்றிக்கொண்டு வந்தது.

தை மாதம் மகளுக்குச் சடங்கு. கந்தர்வக்கோட்டையில் மண்டபம். வேண்டாம் அண்ணே, படுத்திருங்கள் என்று நான் கெஞ்சியும் கேட்காமல் அண்ணன் சீர் கொண்டுவந்தார். ஊசி குத்திய கை தெரியக் கூடாது என்று முழுக்கைச் சட்டை. கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை, வெறுங்காலோடு மேளத்துக்குப் பின்னால் நடந்துவந்தார். யாரோ கலர் சோடா நீட்டினார்கள். அவருக்குத் தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். உதட்டை நனைத்துவிட்டுக் கீழே வைத்தார். முதல் தாம்பாளத்தை என் கணவரிடம் நீட்டினார். என் கணவர் வழக்கம்போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மேடைக்குப் பக்கத்தில் இருந்த கணவரின் சித்தி, அண்ணனைப் பார்த்து இரக்கப்பட்டார். "ஏப்பா, கூடப் பொறந்தவ குடுக்கக் கூடாதா?"

அண்ணன் சிரித்தார். "குடுக்கத்தான் நின்னுச்சு சித்தி. ரத்தம் ஒத்துக்கல, டாக்டர் வேணாம்னுட்டாரு. மாப்ளயும் எவ்வளவோ அலைஞ்சாரு."

என் கணவர் தலையைக் குனிந்து பணிவாக நின்றார். பாராட்டு வாங்குகிறவர் மாதிரி. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அண்ணனுக்காகத்தான் கடித்துக்கொண்டேன். அந்த அம்மாள் அதோடு விட்டிருக்கலாம். மாலையோடு உட்கார்ந்திருந்த என் மகளை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இந்தப் புள்ளைக்கும் அந்த ரத்தந்தானே ஓடுது?"

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான், எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை.

"ஆமா, எம்மகளுக்கு என் ரத்தந்தான் ஓடுது. அதுல ஒரு கெட்டதும் இல்ல. எங்க அண்ணனுக்கு நான் கிட்னி குடுக்கலாம்னு டாக்டர் வாயாலயே சொன்னாரு, இவரும் பக்கத்துல உக்காந்து கேட்டாரு. கமிட்டிக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட இவருக்குத்தான் மனசு வரல. எங்க அண்ணன் இப்பச் சொன்னது பொய். இவரு மானத்தைக் காப்பாத்தச் சொன்ன பொய்!"

மேளம் நின்றுவிட்டது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் நான் சொன்னது கேட்டது. அண்ணன் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நல்ல காரியத்தில் பேசுகிற பேச்சா என்றார் ஒருவர். வீட்டு விஷயத்தை மண்டபத்தில் போட்டு உடைக்கலாமா என்றார் இன்னொருவர். டீச்சர் வேலை பார்க்கிற திமிர் என்றார்கள். பிள்ளை முகத்தையாவது பார்த்திருக்க வேண்டாமா என்றார்கள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பந்தியப் போடுங்கப்பா" என்றார். பந்தி போட்டார்கள். என் கணவர் வாளியோடு போய் இலைக்கு இலை சாம்பார் ஊற்றினார். எல்லோரும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பற்றித்தான் பேசினார்கள்.

அத்தனை பேரில் ஒருவர்கூட அவரை நிறுத்தி, "அப்ப நாளைக்கி வந்து கையெழுத்துப் போடுறியாப்பா?" என்று கேட்கவில்லை.