அப்பாவைக் கிள்ளும் வேலை

எனக்கு ஒன்பது வயதில் ஒரு வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவர் தூங்கினால் தொடையில் கிள்ள வேண்டும். ஒழுங்காக வேலை பார்த்தால் ஆராதனை முடிந்ததும் வெளியே ஒரு சேமியா ஐஸ் உண்டு. வேலை கொடுத்தவள் அம்மா. அந்த வருஷம் எங்கள் வீட்டில் வேலையில் இருந்தவள் நான் ஒருத்திதான்.

அப்பா திருவொற்றியூரில் ஒரு சின்னக் கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு திங்கட்கிழமை காலை போனவர், கேட்டில் பூட்டும் அதன் மேல் ஒட்டிய காகிதமும் பார்த்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறக்காமலே திரும்பி வந்தார். விஷயம் எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமும் மூச்சு விடக் கூடாது, முக்கியமாக அத்தையிடம் விடவே கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அப்பாவின் அக்காவான அந்த அத்தைதான் யார் யார் வீட்டுக்கோ நடையாய் நடந்து அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள். இன்னொரு வேலை கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அப்பா நினைத்தார். வேலை கிடைக்கவில்லை. அதனால் தினமும் காலையில் வழக்கம்போலத் தலைவாரி, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். டோல்கேட் பகுதியில் எங்கள் சந்தில் இருந்த அத்தனை பேரும் அவர் கம்பெனிக்குத்தான் போகிறார் என்று நம்பினார்கள்.

கோயில் ராயபுரத்தில், அத்தை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. பஸ் பிடித்துப் போவோம். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வாசலிலேயே வரிசை கட்டி நிற்கும். போதகர் பரலோகத்தைப் பற்றிச் சொல்லும்போது சரியாக ஒரு லாரி ஹாரன் அடிக்கும். உப்புக் காற்றில் சுவரெல்லாம் பொரிந்து போயிருக்கும். பலிபீடத்துக்கு மேலே நீல எழுத்தில் பெரிதாக ‘இளைப்பாறுதல்’ என்று எழுதியிருந்தது. அதன் முதல் எழுத்து பாதி உதிர்ந்திருந்தது. சரியாக அந்த எழுத்துக்கு நேர் எதிரே, ஆண்கள் பக்கத்தில் நாலாவது வரிசையில் உட்கார்ந்துதான் அப்பா தூங்குவார்.

சும்மா தூங்கினாலும் பரவாயில்லை, குறட்டை விடுவார். ஒரு ஞாயிறு, குழந்தை ஞானஸ்நானத்தின்போது, தண்ணீர் பட்டும் அழாத குழந்தை அப்பாவின் குறட்டையைக் கேட்டு அழுதது. அத்தை அந்தச் சபையின் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி. அம்மாவைத் தூண் பக்கமாக ஓரம் கட்டினாள்.

“இன்னாம்மா இது? உன் வூட்டுக்காரு வூட்ல தூங்கவே மாட்டாரா? மானம் போவுது எனுக்கு.”

வீட்டில் அவர் தூங்குவதே இல்லை என்று அம்மா சொன்னால், ஏன் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் கம்பெனிக் கதை வெளியே வரும். அன்று மத்தியானமே எனக்கு வேலை நியமனம் ஆகிவிட்டது.

எங்கள் கோயிலில் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். அம்மாவின் கை அப்பாவுக்கு எட்டாது. சின்னப் பிள்ளை என்பதால் நான் எந்தப் பக்கமும் உட்காரலாம். ஆனால் வேலையில் ஒரு சிக்கல் இருந்தது. கோயிலில் எல்லோருமே கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள். யார் ஜெபிக்கிறார், யார் தூங்குகிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அம்மா அதற்கும் பாடம் நடத்தினாள். உதடு அசைந்தால் ஜெபம். கீழ் உதடு தொங்கினால் தூக்கம். சந்தேகம் வந்தால் அம்மாவைப் பார்க்க வேண்டும். அவள் முக்காட்டை ஒரு தடவை இழுத்துவிட்டால் பொறு, இரண்டு தடவை இழுத்தால் கிள்ளு, மூன்று தடவை என்றால் ஓங்கிக் கிள்ளு.

நான் வேலையில் கெட்டிக்காரி. ஐஸ் ஒன்றுகூடத் தவறவில்லை. கிள்ளு விழுந்ததும் அப்பா திடுக்கிட்டு விழித்து, என்ன நடக்கிறது என்று தெரியாமல், “ஸ்தோத்திரம்!” என்று உரக்கச் சொல்வார். கோயிலில் எந்த நேரத்துக்கும் பொருந்துகிற வார்த்தை அதுதான் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். பெரும்பாலும் பொருந்தியது. பின்வரிசைப் பெரியவர்கள் என் அப்பாவைப் பெரிய பக்திமான் என்று நினைக்க ஆரம்பித்தார்கள். கழிவறைத் தொட்டி நிரம்பிவிட்டது, யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று அறிவிப்பு வாசித்தபோது மட்டும் கொஞ்சம் பொருந்தாமல் போயிற்று.

இப்படியே ஐந்து வாரம் போயிற்று. ஆறாவது ஞாயிறுதான் வினை வந்தது.

அன்று சாட்சி சொல்லும் ஞாயிறு. ஆண்டவர் தங்களுக்குச் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து சபைக்கு முன்னால் சொல்வார்கள். காய்ச்சல் போனது, பெண்ணுக்கு வரன் அமைந்தது, காணாமல் போன பர்ஸ் பஸ் டிப்போவில் கிடைத்தது என்று வரிசையாக வந்தது. அப்பா இரண்டாவது சாட்சியிலேயே தூங்கிவிட்டார். அம்மா ஜாடை காட்டட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் தலைக்கு மேலே இருந்த மின்விசிறியின் வேகத்தை யாரோ கூட்டியிருக்கிறார்கள். காற்றில் முக்காடு நழுவ, அம்மா இழுத்துவிட்டாள். மறுபடி நழுவியது, மறுபடி இழுத்தாள். மறுபடியும்.

மூன்று தடவை. எனக்குக் கட்டளை தெளிவாக இருந்தது.

அதே நேரத்தில் போதகர், “இன்னும் ஒருத்தர் எழுந்து சாட்சி சொல்லலாம்” என்றார். நகம் பதியக் கிள்ளினேன். அப்பா “ஸ்தோத்திரம்!” என்று அலறிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

சபை முழுதும் திரும்பிப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் அப்பா வாய் திறந்து ஒரு சாட்சி சொன்னதில்லை. பெண்கள் பக்கம் முதல் வரிசையில் அத்தையின் முகம் பெருமையில் மலர்ந்தது. அம்மாவின் முகம் எப்படியிருந்தது என்று நான் பார்க்கவில்லை. என் கவலையெல்லாம் ஐஸ் போயிற்றே என்பதுதான்.

“எனுக்கு இதெல்லாம் பேசத் தெரியாது பாஸ்டரய்யா” என்றார் அப்பா.

“தெரிஞ்சதைச் சொல்லுங்க” என்றார் போதகர்.

அப்பா உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் தனக்கு முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது.

“மூணு மாசமா கம்பெனி மூடிக் கீது. யாராண்டயும் சொல்லல. எங்க அக்காவாண்ட கூட சொல்லல. டெய்லி டிபன் பாக்ஸ எட்துகினு போயி காசிமேட்ல கடல பாத்துகினு குந்திகினு இருந்துட்டு வரேன். ராத்திரில தூக்கமே வர்ல. எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன், கண்ணு மூட மாட்டேங்குது. இங்க வந்து குந்துனா மட்டும் தூக்கம் வந்துருது. மைக்கு கத்துது, லாரி கத்துது, அப்பவும் வருது. யாரோ ‘நான் பாத்துக்குறேன், நீ தூங்கு’ன்னு சொல்ற மாதிரி கீது. ஆண்டவரு எனுக்கு இன்னும் வேலை குட்க்கல. தூக்கம் குட்க்குறாரு. அதான் என் சாட்சி.”

உட்காரப் போனவர், ஏதோ ஞாபகம் வந்தவராக மறுபடி நிமிர்ந்தார்.

“அந்த ஒரு மணி நேரமும் தூங்க வுடாம இந்தப் பொண்ணு கிள்ளிகினே கீது பாஸ்டரய்யா. காலு புண்ணா பூடுச்சு.”

முதலில் யாரோ ஒருவர் தும்முவது போலச் சிரித்தார். அப்புறம் கோயிலே சிரித்தது. ஆண்கள் பக்கம் தொடையில் தட்டிக்கொண்டார்கள், பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் பார்த்தவரையில் சிரிக்காதவர்கள் மூன்று பேர். தலையைக் குனிந்துகொண்ட அம்மா, அழ ஆரம்பித்த நான், கண்ணாடியைக் கழற்றி அங்கியின் ஓரத்தில் துடைத்துக்கொண்டே இருந்த போதகர்.

சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னார்: “என் பிரசங்கத்துல யாராவது தூங்கினா எனக்குக் கோபம் வரும். இத்தனை நாளும் உங்க மேலயும் கோபமாத்தான் இருந்தேன். மன்னிச்சிடுங்க. நீங்க தூங்குங்க.” பிறகு என்னைப் பார்த்தார். “பாப்பா, இனிமே அப்பாவைக் கிள்ளக் கூடாது. அதுக்குப் பதிலா பிரசங்கத்தை நீ கவனமாக் கேட்டு, வீட்டுக்குப் போய் அவருக்குச் சொல்லணும். சரியா?”

இதுவும் வேலைதானா, இதற்கும் ஐஸ் உண்டா என்று கேட்க ஆசையாக இருந்தது. அழுதுகொண்டிருந்ததால் கேட்கவில்லை.

ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தோம். அத்தை வந்த வேகத்தைப் பார்த்து, இன்றைக்கு அப்பா தொலைந்தார் என்று நினைத்தேன். அவள் அப்பாவின் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள்.

“ஏன்டா, என்னாண்ட சொல்ல மாட்டியா? நான் இன்னா செத்தா பூட்டேன்?”

சொல்லிவிட்டு அவர் தோளிலேயே சாய்ந்து ஓவென்று அழுதாள். அப்பாவும் அழுதார். நாற்பது வயது ஆணும் ஐம்பது வயதுப் பெண்ணும் நடுரோட்டில் அழுவதை லாரி டிரைவர்கள் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அன்று மத்தியானம் அத்தை வீட்டில் வஞ்சிரம் வறுவல். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அப்பா இரண்டாம் முறை சோறு கேட்டார்.

அடுத்த ஞாயிறு போனபோது அப்பாவின் இடம் மாறியிருந்தது. கடைசி வரிசையில், சாய்ந்துகொள்ள வசதியாக, சுவரை ஒட்டி ஒரு கைவைத்த நாற்காலி போட்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகக் கடற்காற்று நேராக வரும் இடம். அத்தையின் ஏற்பாடு. அதில் வேறு யாராவது உட்காரப் போனால், “அது தூங்குறவரு சீட்டு” என்று எழுப்பிவிட்டார்கள். அப்பா கூச்சப்படவில்லை. போய் உட்கார்ந்து, வாயைத் திறந்துகொண்டு, ஆசீர்வாதம் கூறும் வரை தூங்கினார். சபையே அவரைக் காவல் காத்தது. ‘இளைப்பாறுதல்’ என்ற அந்த நீல எழுத்துக்கு எத்தனையோ பேர் பிரசங்கத்தில் விளக்கம் சொல்லிக் கேட்டுவிட்டேன். எனக்குப் புரிந்த விளக்கம் அந்த நாற்காலியில் இருந்ததுதான்.

வேலை அப்புறம் நாலு மாதம் கழித்து எண்ணூரில் ஒரு பட்டறையில் கிடைத்தது. சபையில் யாரோ யாரிடமோ சொல்லி வைத்ததுதான். வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அப்பா கோயிலில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்தி குறைந்துவிட்டதோ என்று நான் கொஞ்ச நாள் கவலைப்பட்டேன்.

ஆனால் எனக்கு இப்போது அடிக்கடி ஞாபகம் வருவது, கிள்ளும் வேலை போன அந்த முதல் ஞாயிறுதான். பழக்க தோஷத்தில் ஜாடைக்காக அம்மா பக்கம் பார்த்தேன். அம்மா முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, தலை குனிந்து அசையாமல் உட்கார்ந்திருந்தாள். உதடு அசைகிறதா என்று தெரியவில்லை, முக்காடு மறைத்திருந்தது. பிரசங்கம் முடிந்தது, எல்லோரும் எழுந்து பாடினார்கள், அம்மா எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணும் அவளைத் தொந்தரவு செய்யவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது, பிரசங்கத்தை அப்பாவுக்குச் சொல்லி முடித்துவிட்டு இதையும் சொன்னேன். “அம்மா எவ்ளோ நேரம் ஜெபம் பண்ணாங்க தெரியுமாப்பா? பாட்டுக்குக்கூட எயுந்துக்கல.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ரசப் பாத்திரத்தைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று கேட்டேன், சொல்லவில்லை. என் பேச்சைக் கேள்விப்பட்ட அத்தை, அத்தனை உருக்கமாக ஜெபிக்கிறவள் என்று அம்மாவை உபவாச ஜெபக் குழுவில் சேர்த்துவிட்டாள்.

இப்போது டோல்கேட்டுக்கு மெட்ரோ ரயில் வந்துவிட்டது. அந்தச் சந்தில் நாங்கள் குடியிருந்த வீடு இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரே அறைதான் அந்த வீடு. ஒரே பாய்வரிசையில் மூன்று பேர் படுத்திருந்தோம். அப்பா தூங்காத அத்தனை இரவும், அவர் புரளும்போதெல்லாம் அவருக்குப் பக்கத்தில் யார் விழித்துக்கொண்டிருந்தது என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? அந்த வீட்டில் விடிய விடிய நன்றாகத் தூங்கியவள் நான் ஒருத்திதான்.