பதினாறு சுற்று

நேற்று எங்கள் மாடியில் பெயிண்டர் மண்ணெண்ணெயில் பிரஷ் கழுவினார். அந்த வாசத்தில், முன்பு நான் வேலை பார்த்த குரோம்பேட்டை லேத் கடையும் அங்கே ஒரு நாளும் நினைவில் வந்துவிட்டன. அன்று கடையில் இருந்தவர்கள்: நான். லேத்தில் ஏசு. வாசலில் லோகு அக்கா, ஆட்டோ ஓட்டுபவர். பெஞ்சின் மேல் அக்காவின் ஆட்டோ எஞ்சின், அதுவும் ஓர் ஆள் மாதிரிதான்.

எஞ்சினில் ஒரு போல்ட் ஓட்டையின் மரை தேய்ந்துபோயிருந்தது. பெரிதாக்கிப் புது மரை வெட்ட வேண்டும். வெட்டுகிற டேப், திருகாணி மாதிரி ஓர் எஃகுக் கருவி, விரல் நீளம்தான். வளையாது, ஒடியும். உள்ளே ஒடிந்தால் எடுக்க வராது. எஞ்சின் காயலான் கடைக்குப் போகும், அக்கா மறுபடி வாடகை ஆட்டோவுக்குப் போவார்.

"இன்னா தம்பி, ஆச்சா?"

"இன்னும் வெக்கவே இல்லக்கா."

ஏசு சிரித்தான். "பேச்சு குடுக்காதக்கா. இந்த மாசமே ரெண்டு டேப்ப ஒடச்சிக்கீறான்."

"அப்ப நீ போடேன்."

"நான் மூணு."

உண்மைதான். எனக்கு அவசரக் கை. அக்கா வாயும் சும்மா இருக்காது. ஏசு அதற்கும் வழி சொன்னான்.

"நீ எண்ணுக்கா. பதினாறு சுத்து. அதுக்கு மேல ஓட்ட இல்ல."

மண்ணெண்ணெய் விட்டேன். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. அப்படிப் போனால்தான் வெட்டிய உலோகச் சுருள் அறுந்து விழும். ஒரு முழுச் சுற்றுக்கு அக்கா ஓர் எண் சொன்னார்.

பதினொன்றில் கை கனத்தது. ரப்பரை முறுக்குகிற மாதிரி. முன்பு இரண்டு முறையும் இந்த இடத்தில்தான் அழுத்தினேன். ஏசு லேத்தை நிறுத்தினான். அக்கா பன்னிரண்டு சொல்லவில்லை.

அழுத்தவில்லை. மெல்லத் திருப்பி வெளியே எடுத்தேன். டேப் முழுசாக இருந்தது. தூளை ஊதினேன், மண்ணெண்ணெய் விட்டேன், மறுபடி இறக்கினேன்.

"பன்னண்டு" என்றார் அக்கா. முந்தானை வாயில் இருந்தது.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். ஏசு சிறுசேரியில் செக்யூரிட்டி. ரேஷனில் மண்ணெண்ணெய் கேட்டால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அக்காவின் ஆட்டோவை அதன் பிறகு ஆறேழு வருடம் ரோட்டில் பார்த்தேன். பிறகு இல்லை. ஊறுகாய் பாட்டிலைத் திறந்தாலும் என் கை பாதியில் கால் சுற்று திரும்பும். வீட்டில் சிரிப்பார்கள். கூட எண்ண ஆள் இல்லை.

அன்று கடைசிச் சுற்றை மட்டும் அக்கா சத்தமில்லாமல் சொன்னார்.

பதினாறு.