மானுக்கு எந்தத் துப்பாக்கி

போன வாரம் சூரமங்கலம் டவுன் பஸ்ஸில் நான் ஒரு கூத்தடித்துவிட்டேன். கேளுங்கள். மடியில் முருங்கைக்கீரைக் கட்டு, தோளில் பை, ஜன்னலோர சீட். எனக்கு முன் சீட்டில் இரண்டு காலேஜ் பையன்கள். ஒரே போனுக்குள் இரண்டு தலையும் கவிழ்ந்து கிடந்தது. எட்டிப் பார்த்தால் ஏதோ வேட்டை விளையாட்டு. திரையில் புல்வெளி, நடுவில் ஒரு மான், கீழே வரிசையாகத் துப்பாக்கிகள்.

"டேய், எதுடா எடுக்கறது?"

"பெருசா இருக்கறத எடுடா."

பெரியதாக இருந்தது யானைக்கே ஆகும். எனக்கு நாக்கு அரித்தது. பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. குனிந்து, "சாமி, மானுக்கு அது வேண்டாம். த்ரீ பிஃப்டீன் இருந்தா எடு, இல்லீன்னா தர்ட்டி நாட் சிக்ஸ் எடு" என்று சொல்லிவிட்டேன்.

அவன் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! நரைத்த தலை, நெற்றியில் குங்குமம், மடியில் கீரை. "ஏனுங்கம்மா, நீங்க இந்த கேம் ஆடுவீங்களா?" என்றான். "கேமெல்லாம் தெரியாது சாமி. கடையில வித்திருக்கறேன்" என்றேன். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அதற்குள் மான் ஓடிப்போய்விட்டது. ஜங்ஷனில் இறங்கியவள் வீடு வரும் வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

உங்களுக்கும் சந்தேகம் வரும். சத்தியமாக நான் துப்பாக்கிக் கடையில்தான் வேலை பார்த்தேன். பி.காம். முடித்துவிட்டு ஓமலூரில் வீட்டோடு கிடந்த காலம். சேலத்தில் ஒரு துப்பாக்கிக் கடையில் பில் போட ஆள் வேண்டுமாம் என்று அப்பாவின் நண்பர் சொன்னார். நான் தீபாவளிக்குப் பொட்டு வெடிக்கிற துப்பாக்கி என்று நினைத்துக்கொண்டு போய் நின்றேன். உள்ளே போனால் சுவர் முழுக்க நிஜத் துப்பாக்கி! சங்கிலி கோத்துப் பூட்டி, ஒழுக்கமாக நின்றன. திரும்பி ஓடியிருக்க வேண்டும். சம்பளம் நன்றாக இருந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கடையின் வாசனையை எப்படிச் சொல்வது? தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய், தேய்ந்த மரம், கொஞ்சம் பித்தளை. காலையில் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போவேன். சாயங்காலம் பூவே எண்ணெய் வாசனை அடிக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், "மெக்கானிக் ஷாப்பா கண்ணு?" என்பார்கள். நானும் ஆமாம் போட்டுவிடுவேன்.

வந்த கூட்டத்தைப் பார்த்தால் ஒருவரும் சினிமா வில்லன் மாதிரி இருக்க மாட்டார்கள். பாங்க் வாட்ச்மேன்கள் துப்பாக்கிக் குழலைத் துடைத்து வாங்கிப் போவார்கள். திருவிழாவில் பலூன் சுடுகிற கடைக்காரர்கள் ஏர்கன் குண்டு வாங்க வருவார்கள். கடலைக்காட்டில் பன்றி இறங்குகிறது என்று லைசென்ஸ் வைத்திருக்கும் விவசாயிகள் தோட்டா வாங்க வருவார்கள். தேர்தல் வந்தால்தான் வேடிக்கை. லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும் இல்லையா, சிலர் எங்கள் கடையில் விட்டுப் போவார்கள். மகளைப் புகுந்த வீட்டில் விட்டுவிட்டு வருகிற மாதிரி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே படியிறங்குவார்கள்.

முதலாளி எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது பில் போடுவதை அல்ல, நம்பரை. குழலின் அளவு ஒன்று, தோட்டாவின் அளவு வேறு என்றால் சுடுகிறவன் முகமே போய்விடும் என்று பயமுறுத்தி, வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்தார். டூ டூ என்றால் முயலுக்கும் குறி பார்த்துப் பழகுவதற்கும். த்ரீ பிஃப்டீன் என்றால் மானுக்கும் பன்றிக்கும். தர்ட்டி நாட் சிக்ஸ் கடமானுக்கு. த்ரீ செவன்டி ஃபைவ் காட்டெருமைக்கு. நான் ஒரு துப்பாக்கியைத் தூக்கித் தோளில் வைத்தது கூடக் கிடையாது. கரப்பான் பூச்சியை அடிக்கவே அம்மாவைக் கூப்பிடுகிறவள். ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நம்பர் சரியாக வரும்.

மான் வேட்டைக்குத் தடை வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. இருந்தாலும் கடைக்கு வருகிற பெரிசுகளுக்கு மான் பேச்சுப் பேசாவிட்டால் தொண்டையில் டீ இறங்காது. "மானுக்குப் போட்டா எது நல்லாருக்குமுங்க?" என்று சும்மா இழுப்பார்கள். "இப்பப் போட்டா ஜெயிலுதானுங்க நல்லாருக்கும்" என்பார் முதலாளி.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிக்கும் வரைக்கும். முதலில் வந்தவர்கள் பஜ்ஜியெல்லாம் சாப்பிட்டுவிட்டு, "துப்பாக்கிக் கடையில இருக்கற புள்ளைங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள்தான். அடுத்து வந்தவர்கள் பஜ்ஜி வரைக்கும் கூட இருக்கவில்லை. அம்மா சூடு கண்டுகொண்டாள். மூன்றாவதாக மல்லசமுத்திரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றதும் என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்துப் போனாள்.

"வெளையாட்டுச் சாமான் கடைன்னு சொல்லி வெச்சிருக்கறேன். வாயத் தொறந்தா கொன்னுபோடுவேன்."

"என்ன விக்கறீங்கன்னு கேட்டா?"

"பந்து, பேட்டுன்னு சொல்லு."

மாப்பிள்ளை ரயில்வே ஆபீசில் கிளார்க். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார், வளர்த்தது பெரியப்பா. அவர் சரி என்றால்தான் சரி என்று தரகர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். மாப்பிள்ளை உள்ளே நுழையும்போது எங்கள் வீட்டு வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு, நிலையைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க" என்றார். கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த இடத்திலேயே மனசு போய்விட்டது. கட்டினால் இவரைத்தான் கட்டுவது. பந்து, பேட்டு என்ன, பம்பரம் விற்கிறேன் என்று கூடச் சொல்லத் தயாராக இருந்தேன்.

பெரியப்பா நல்ல உயரம், கணீரென்ற குரல். "பேட்டு என்ன வெலை சாமி?" என்று எடுத்த எடுப்பில் கேட்டார். நான் என்ன கண்டேன்! வாயில் வந்ததைச் சொன்னேன். "அம்புட்டுக் கம்மியா!" என்று ஆச்சரியப்பட்டார். பேச்சு மழைக்குப் போய், கடலைக்குப் போய், கடலை தின்னும் பன்றிக்குப் போய், பன்றியிலிருந்து ஒரே தாவாகத் தாவி மானுக்கு வந்தது. பிறகுதான் தெரிந்தது, அவர் எங்கே போய் உட்கார்ந்தாலும் பேச்சு அங்கேதான் வந்து நிற்குமாம்.

"ஏர்க்காட்டு மலைங்க. அப்ப இந்தச் சட்டமெல்லாம் கெடையாதுங்க. கொம்பு மட்டும் இத்தன ஒசரம்! எரநூறு கெஜந் தள்ளி நிக்குது. எடுத்தனுங்க டூ டூ ரைபிள. ஒரே அடி! சாஞ்சிருச்சு."

எல்லாரும் "அடேங்கப்பா" என்றார்கள். காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்த நான் உதட்டைக் கடித்தேன். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். சாமி படத்தைப் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

"டூ டூல மான் சாயாதுங்க. மொசலு வேணாச் சாயும். அதுவும் பக்கத்துல இருந்தா."

சமையல்கட்டில் ஒரு கரண்டி விழுந்தது. மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்து, காப்பி மூக்கில் ஏறி, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு இருமினார். பெரியப்பா மட்டும் என்னையே பார்த்தார்.

"பந்து விக்கற கடையில இதெல்லாஞ் சொல்லித் தருவாங்களா சாமி?"

இனி மறைத்து என்ன? "துப்பாக்கிக் கடைங்க" என்றேன்.

"அப்படிச் சொல்லு. அப்பக் கடமானுக்கு?"

"தர்ட்டி நாட் சிக்ஸுங்க."

"காட்டெருமைக்கு?"

"த்ரீ செவன்டி ஃபைவ்."

"மானுக்கு?"

"த்ரீ பிஃப்டீனுங்க. த்ரீ நாட் த்ரீயும் நல்லாருக்கும், ஆனா அது போலீசுக்கு. நமக்குக் குடுக்க மாட்டாங்க."

மூச்சு விடாமல் சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "போயிட்டுச் சொல்லி உடறோமுங்க" என்றார். மாப்பிள்ளை போகும்போது மறுபடியும் வாசல் நிலையில் இடித்துக்கொண்டார்.

அன்றைக்கு அம்மா என்னைத் திட்டிய திட்டு! "மான் செத்தா உனக்கென்ன, பொழைச்சா உனக்கென்னடி? காப்பியக் குடுத்துட்டு உள்ள வரத் தெரியாதா?" அப்பா பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரித்தார், பேப்பர் ஆடியதில் மாட்டிக்கொண்டு அவரும் வாங்கிக் கட்டிக்கொண்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒரு தகவலும் இல்லாமல் நாள் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸில் ஜன்னல்பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். நல்ல மனுஷனை ஒரு நம்பருக்காகத் தொலைத்துவிட்டோமே! பில்லெல்லாம் தப்புத் தப்பாகப் போட்டேன்.

அப்படி ஒரு மத்தியானம் கடைக்குள் யாரோ நுழைகிறார்கள் என்று நிமிர்ந்தால், பெரியப்பா! கையில் மஞ்சப்பை. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகும் வரைக்கும் இவர் ஏர்கன்னைப் பார்க்கிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு நின்றார். பிறகு கவுண்டர் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். அந்தக் குரல் தாழ்ந்தாலும் தெருவுக்குக் கேட்கும்.

"தோட்டா வேணுங்களா? லைசென்ஸ் கொண்டாந்தீங்களா?" என்றேன்.

"தோட்டா வேண்டாஞ் சாமி. நம்பரு வேணும். மானுக்கு. அன்னிக்கு வேகமாச் சொல்லிப்போட்ட, மனசுல நிக்கல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"உங்கிட்டச் சொல்றதுக்கென்ன. நாஞ் சுடல சாமி. எஸ்டேட்காரருக்குச் சோத்துக் கேரியரு தூக்கீட்டுப் போனவன் நானு. அவரு குறி பாத்துட்டாரு. நான் மூக்குப்பொடி போட்டிருந்தனா, வந்துச்சு பாரு ஒரு தும்மலு! மானு தலையத் தூக்கி என்னைய ஒரு பார்வ பாத்துச்சு. ஒரே தாவு. போயே போச்சு. மலையெறங்கற வரைக்கும் அந்தாளு என்னையத் திட்டுன திட்டு! ஊருக்கு வந்து அப்பிடியே சொன்னாச் சிரிப்பாங்கன்னு கொஞ்சம் மாத்திச் சொன்னன். இத்தன வருசத்துல ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கல. நீதாங் கேட்ட."

"அதுக்கு இப்ப நம்பரு எதுக்குங்க?"

"கலியாணத்துல சனம் பூராத்துக்குஞ் சொல்லோணுமில்ல? அங்க வந்து மறுக்கா நீ 'சாயாதுங்க'ன்னு சொல்லிப்போட்டீன்னா?"

"எந்தக் கலியாணமுங்க?"

"ஏஞ்சாமி, உன்ற கலியாணந்தான்! அன்னிக்கே முடிவு பண்ணியாச்சு. பையன் அன்னீல இருந்து சிரிச்சுட்டே திரியறான். நம்பரு தெரியாம எந்த மூஞ்சிய வெச்சுட்டு ஆளனுப்பறதுன்னுதான் இத்தன நாளு."

நான் ஸ்டூலிலிருந்து எழுந்தேனா, ஸ்டூல் என்னைத் தள்ளிவிட்டதா, தெரியாது. சிரித்தேன், அழுதேன், பில் புத்தகத்தைக் கீழே போட்டேன். "த்ரீ பிஃப்டீனுங்க மாமா" என்றேன். மாமா என்று தானாகவே வந்துவிட்டது. "எரநூறு கெஜம் வேண்டாங்க, நூத்தம்பதுன்னு சொல்லுங்க, நம்புவாங்க" என்று கூடுதலாக வேறு எடுத்துக் கொடுத்தேன். அவர் த்ரீ பிஃப்டீன், த்ரீ பிஃப்டீன் என்று முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

கல்யாணத்தில் பந்தி முடிந்து வெற்றிலை வந்ததும் ஆரம்பித்தார். துப்பாக்கி பேர் வருகிற இடத்தில் மணவறையில் இருந்த என்னைப் பார்த்தார். நான் மாலைக்குள்ளிருந்து தலையாட்டினேன். "யாருக்கு ஆட்டற?" என்றார் பக்கத்தில் இருந்தவர். "பொதுவா ஆட்டறனுங்க" என்றேன்.

அதன் பிறகு எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து! "ஏஞ்சாமி, எந்த ரைபிளு?" என்று கூட்டத்துக்கு நடுவில் கேட்பார். நான் சொல்வேன். "துப்பாக்கிக் கடையில இருந்த புள்ளையே சொல்லுது பாருங்க" என்று நிமிர்ந்து உட்காருவார். கொம்பு வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. தும்மலைப் பற்றி நான் என் வீட்டுக்காரரிடம் கூட மூச்சு விட்டதில்லை.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். முதலாளி இல்லை. பெரிய மாமாவும் இல்லை. அவருடைய காரியத்தன்று சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, நாத்தனார் மகள் என் பக்கத்தில் வந்து காதோடு கேட்டாள்.

"அத்தை, நெசமாலுமே தாத்தா மான் சுட்டாருங்களா?"

நெஞ்சுக்குள் அந்த மான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

"சுட்டாரு கண்ணு. த்ரீ பிஃப்டீன். நூத்தம்பது கெஜம்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் அந்த மானைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வெற்றிலைத் தட்டு வரும், போகும். எனக்குத்தான் நம்பரைச் சொல்ல நாக்கு அரிக்கும்.